நாற்றுக்கு உற்ற துணை

பூசணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் முகம் சுளிக்கும். மழைக்காலத்தில் விடுதி அறையில் மறந்து வைத்த ரொட்டித் துண்டும், அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய்ச் சாடியின் வாயில் படர்ந்த வெண்படலமும், கட்டிலுக்கடியில் கிடந்த தோல் செருப்பும் நினைவுக்கு வரும். கெட்டுப் போனதற்கு மறுபெயரே பூசணம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அத்தகைய பூசணத்தின் பக்கம் நின்று வழக்காட இந்த இதழில் இடம் கேட்டேன். ஆசிரியர் குழு நண்பர்கள் சிரித்துக்கொண்டே தந்தார்கள். அந்தச் சிரிப்பைச் சற்று நேரம் அடக்கிக்கொண்டு படிக்குமாறு உங்கள் அனைவரையும் வேண்டுகிறேன்.

இவ்வழக்குக்குக் காரணம் என் தந்தையார். ஒட்டன்சத்திரத்துக்கு அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். மிளகாயும் தக்காளியும் வெங்காயமும் மாறி மாறி விளையும். நான் டில்லிக்கு வந்து மண்ணின் நுண்ணுயிர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே, விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியதொரு சொற்பொழிவு ஆற்றிவிட்டேன். வேர் உட்பூசணம் என்று ஒன்று உண்டு, வாம் என்ற பெயரில் கடையில் கிடைக்கும், அதைப் போட்டால் வேர் வலுக்கும், மண்ணிலுள்ள மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவரும் என்றெல்லாம் அளந்தேன். படிக்கிற பிள்ளை சொல்கிறானே என்று அவரும் நம்பினார். கடையில் வாங்கி வந்து மிளகாய் வயல் முழுவதும் தூவினார். அவ்வாண்டு எங்கள் மிளகாய், அயல் தோட்டத்து மிளகாயைவிட ஒரு விரற்கடைகூட உயரவில்லை. தொலைபேசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, நீ படிக்கிறது நெசமா, இல்ல புத்தகத்துல மட்டுந்தான் நெசமா?"

அவர் கோபத்தோடு கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அவர் அமைதியாகத்தான் கேட்டார். அதனால்தான் அது இன்னும் என் நெஞ்சில் தைத்து நிற்கிறது. இக்கட்டுரை அவருக்கு நான் கடன்பட்ட விடை. என் கட்சியை முதலிலேயே கூறிவிடுகிறேன். நன்மை செய்யும் பூசணம் பொய்யன்று. ஆனால் அதை விளைந்து நிற்கும் வயலில் தூவுவது பெரும்பாலும் வீண்வேலை. அது சேர வேண்டிய இடம் நாற்றாங்கால்; சேர வேண்டிய காலம் நாற்றின் முதல் சில வாரங்கள்; சேர்க்க வேண்டிய பொறுப்பு, இன்றைய நிலையில், நாற்றை வளர்த்து விற்பவருடையது.

இந்த நட்பு எவ்வளவு பழமையானது என்பதை முதலில் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற சிற்றூரில் கிடைத்த கற்களுக்குள் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய செடிகள் கல்லாகச் சமைந்து கிடக்கின்றன. அவற்றுக்குச் சரியான வேர்கூடக் கிடையாது. ஆயினும் அவற்றின் திசுக்களுக்குள் பூசணம் குடியிருந்ததைக் காண முடிகிறது. நீரைவிட்டுக் கரையேறிய செடியினம் வேர் என்ற உறுப்பை முழுதாகப் பெறுவதற்கு முன்பே இந்தத் துணையைப் பெற்றுவிட்டது எனலாம். இன்று நிலத்தில் வாழும் செடி வகைகளில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாதவை இவ்வகைப் பூசணத்தோடு உறவு கொண்டவை.

இவ்வுறவுக்குப் பெயர் சூட்டியவர் பிராங்க் என்னும் ஜெர்மானியத் தாவர நூலறிஞர். டிரபிள் என்னும் விலையுயர்ந்த காளானைப் பயிராக்க வழி காணுமாறு புருசிய அரசு அவரை ஏவியது. அவர் காட்டு மரங்களின் அடியைத் தோண்டிப் பார்த்தார். காளானைப் பயிராக்கும் வழி அகப்படவில்லை. ஆனால் மரத்தின் நுனிவேர்களைப் பூசண இழைகள் உறை போலப் போர்த்தியிருப்பதையும், மரம் அதனால் நலிவுறாமல் செழித்திருப்பதையும் கண்டார். 1885-ஆம் ஆண்டில், பூசணம், வேர் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். பூசணம் என்றாலே நோய் என்று நினைத்த காலம் அது. ஆகவே அறிஞருலகம் அவரை எளிதில் நம்பவில்லை. என் தந்தையாரின் ஐயத்துக்கு நல்ல முன்னோர்கள் இருக்கிறார்கள்!

நம் காய்கறிப் பயிர்களில் வாழ்வது இதன் மற்றொரு வகை. அது வேரை வெளியே போர்த்துவதில்லை. வேரின் உள்ளே நுழைகிறது. வேரின் உயிரணுக்களுக்குள் சின்னஞ்சிறு மரம் போலக் கிளைத்து நிற்கிறது. கொடுக்கல் வாங்கல் நடக்கும் கடைத்தெரு அந்தச் சிறு மரம்தான். செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைப் பூசணத்துக்குக் கொடுக்கிறது. பூசணம் மண்ணிலிருந்து மணிச்சத்தையும், துத்தநாகம் போன்ற நுண்சத்துகளையும் செடிக்குக் கொடுக்கிறது.

செடிக்கு வேர் இருக்கும்போது தரகன் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணிச்சத்து மண்ணில் நகராத பொருள். தழைச்சத்தைப் போல நீரோடு ஓடி வராது. சுண்ணாம்போடும் இரும்போடும் சேர்ந்து இறுகிவிடும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்திலுள்ளதை உண்டு தீர்த்துவிட்டால், அதற்கு அப்பால் பண்டம் குவிந்து கிடந்தும் பட்டினி கிடக்கும். பூசண இழையோ வேர்த் தூவியைவிட மெல்லியது. தூவி நுழைய முடியாத மண் இடுக்கிலும் அது நுழையும். வேரைவிட்டுப் பல சென்டிமீட்டர் தூரம் சென்று சத்தைக் கொண்டுவரும். நாற்றுக்கு வேரே குறைவு. மண்ணைத் துழாவும் ஆற்றலும் குறைவு. எனவே துணை மிகவும் வேண்டியிருப்பது அந்தப் பருவத்தில்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1957-இல் பார்பரா மோஸ் என்னும் அம்மையார் இங்கிலாந்தில் ஆப்பிள் நாற்றுகளைக் கொண்டு இதைச் சோதித்தார். பூசணம் சேர்த்த நாற்றுகள் சேர்க்காதவற்றைவிட நன்கு வளர்ந்தன என்று காட்டினார். இத்துறையின் பிற்கால ஆராய்ச்சிகளுக்கு அது ஓர் அடிக்கல். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்கப் பல்லாண்டு முயன்றும் நாற்றுகள் மஞ்சளித்துக் குன்றிப் போயின. 1950-களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகுதான் அவை தலையெடுத்தன. விதை போயிற்று, நீர் போயிற்று, உரமும் போயிற்று. துணை மட்டும் கப்பலேறவில்லை! அதனால் வந்த கேடு அது.

இன்னொரு பூசணத்தையும் இங்கே கூறியாக வேண்டும். அது டிரைக்கோடெர்மா. இது வேருக்குச் சோறு ஊட்டும் தாதியன்று; வாசலில் நிற்கும் காவற்காரன். நாற்றாங்காலில் முளைத்த மிளகாய் நாற்று ஒரே இரவில் தண்டு அழுகிக் கொத்துக் கொத்தாகச் சாய்வதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான நோய்க் கிருமிகளை டிரைக்கோடெர்மா எதிர்க்கிறது. சில பகைப் பூசணங்களின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்து, உள்ளிருப்பதை உண்கிறது. வைண்ட்லிங் என்பவர் 1932-இலேயே இதை எழுதிவிட்டார். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மாத் தூள் கலந்து விதைக்குமாறு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கிறார்கள். இது மட்கிய குப்பையிலும் தனித்து வாழக்கூடியது. ஆதலால் எளிதாகப் பெருக்கலாம். வேர் உட்பூசணம் அப்படியன்று. உயிருள்ள வேர் இன்றி அது வளராது. மக்காச்சோளம் போன்ற பயிரை நட்டு, அதன் வேரில் வளர்த்து, வேரையும் மண்ணையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அல்லது இங்கே டில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட டெரி நிறுவனத்தார் செய்வது போல, கண்ணாடிக் கலத்தில் வேரை மட்டும் தனியே வளர்த்து அதில் பெருக்க வேண்டும். இரண்டுமே பொறுமையும் தூய்மையும் வேண்டும் வேலைகள்.

இனி என் வழக்கின் மையத்துக்கு வருகிறேன்.

எங்கள் பாட்டனார் காலத்தில் நாற்றாங்கால் என்பது தோட்டத்தின் மூலையில் கிணற்றடியில் இருந்தது. தொழுவுரம் கொட்டி, மண்ணைக் கொத்திப் பொடியாக்கிப் பாத்தி கட்டுவார்கள். அந்த மண்ணிலேயே பூசணம் இருந்தது. நாற்று முளைத்தவுடன் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் அதற்குப் பெயரும் வைக்கவில்லை, விலையும் கொடுக்கவில்லை. இன்று நிலைமை வேறு. காய்கறி உழவர்கள் பலர் நாற்று விடுவதில்லை. நாற்றுப் பண்ணையில் விலைக்கு வாங்குகிறார்கள். அங்கே பிளாஸ்டிக் குழித்தட்டில், தென்னை நார்க்கழிவில் நாற்று வளர்கிறது. இதை நான் குறை கூறவில்லை. விதை வீணாவதில்லை, நாற்று ஒருசீராக எழுகிறது, வேர் அறாமல் நடலாம். ஆனால் நார்க்கழிவு மண்ணன்று. அதில் வேர் உட்பூசணம் இயல்பாக இருப்பதில்லை. 40 கோடி ஆண்டுத் துணையை, நாம் அறியாமலே, ஒரு தட்டை மாற்றியதால் கழற்றிவிட்டோம்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு பண்ணையில் வாங்கிய மிளகாய் நாற்றின் வேரையும், எங்கள் பெரியம்மா பழைய முறையில் பாத்தி கட்டி வளர்த்த நாற்றின் வேரையும் தனித்தனிச் சீசாக்களில் சாராயக் கரைசலில் இட்டு எடுத்து வந்தேன். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் அந்தச் சீசாக்களைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். இங்கே ஆய்வுக்கூடத்தில் வேர்களைக் காரத்தில் வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். பண்ணை நாற்றின் வேர் வெறுமையாக இருந்தது. பெரியம்மாவின் நாற்று வேரில் நீல இழைகள் ஓடின. ஆங்காங்கே நீல நிறச் சிறு மரங்கள் நின்றன. புத்தகத்தில் பலமுறை பார்த்த படம்தான். ஆனால் எங்கள் ஊர் மண்ணில் அதைக் கண்டபோது சிறிது நேரம் பேச்சு எழவில்லை. இரண்டே நாற்று மாதிரிகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் தீர்ப்புக் கூற நான் துணியவில்லை. என் ஐயம் தெளிய அது போதுமானதாக இருந்தது.

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். "நட்ட பிறகு வயல் மண்ணிலிருந்து பூசணம் வந்து சேராதா?" சேரும். உயிருள்ள மண்ணாயின் சில வாரங்களில் சேரும். ஆனால் நட்ட முதல் வாரங்களே நாற்றின் கண்டகாலம். வெயிலும் வறட்சியும் அப்போதுதான் அடிக்கும். துணை பின்னால் நடந்து வருவதைவிடக் கூடவே வருவது நல்லதன்றோ? சிக்கனமும் இதில் இருக்கிறது. ஏக்கர் முழுதும் தூவ வேண்டியதை ஒரு தட்டின் குழிகளில் மட்டும் இட்டால் சிறிதளவே போதும். அதுவும் வேர் தொடும் இடத்திலேயே இருக்கும்.

"எல்லாப் பயிருக்கும் இது பலன் தருமா?" தராது. கோசு, காலிபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகிய குடும்பத்தார் இப்பூசணத்தோடு உறவு கொள்ளாதவர்கள். நம் முளைக்கீரை வகையும் பெரும்பாலும் அப்படியே. நீர் தேங்கிய நெல் வயலில் பூசணம் ஒடுங்கிவிடும். சென்ற குளிர்காலத்தில் நம் விடுதி நண்பர்கள் சிலர் பின்புறத்தில் காலிபிளவர் நட்டு, என்னிடம் கேளாமலே வாம் இட்டு, பலனில்லை என்று என்னைக் கேலி செய்தார்கள். பெண்ணே இல்லாத வீட்டில் பெண் கேட்ட கதை அது! மிளகாய், தக்காளி, கத்தரி, வெங்காயம் ஆகியவையோ இவ்வுறவை விரும்பி ஏற்பவை. வெங்காயத்துக்கு வேர்த் தூவி மிகக் குறைவு. ஆதலால் அதற்குத் தேவையும் மிகுதி.

"எல்லா நிலத்திலும் பலன் தருமா?" இதற்கும் நேர்மையான விடை, இல்லை என்பதே. 2023-இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆராய்ச்சி ஒன்றில் 54 மக்காச்சோள வயல்களில் இப்பூசணத்தை இட்டுப் பார்த்தார்கள். சில வயல்களில் வளர்ச்சி 40 சதவீதம் வரை கூடியது. சிலவற்றில் 12 சதவீதம் வரை குறையவும் செய்தது. நோய்ப் பூசணம் மலிந்த மண்ணில்தான் பலன் மிகுதியாகத் தெரிந்தது. எந்த மண்ணுக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முன்கூட்டியே அறிய முடியும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. மருந்துக்கு முன் நோயை அறிவது போல, பூசணத்துக்கு முன் மண்ணை அறிய வேண்டும். அற்புத மருந்து என்று கூவி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. திண்ணையில் சொற்பொழிவாற்றிய நானும் சொல்லவில்லை.

என் தந்தையார் தோற்றதன் காரணம் இப்போது விளங்குகிறது. அவர் அதை வேரடியில் வைக்கவில்லை. மண்ணின் மேலே தூவினார். அதே வாரத்தில் வழக்கம் போலச் சூப்பர் பாஸ்பேட்டைத் தாராளமாக இட்டார். மணிச்சத்து வாசலிலேயே கொட்டிக் கிடக்கும்போது எந்தச் செடி தரகனுக்குக் கூலி கொடுக்கும்? அது பூசணத்தை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும். வாங்கிய பொட்டலமோ கடை வாசலில் வெயிலில் எத்தனை மாதம் கிடந்ததோ! அதிலிருந்த குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அவர் செய்த பிழைகளில் ஒன்றுகூட அவருடைய பிழையன்று. சொல்லித் தரவேண்டியவர்கள் சொல்லவில்லை. அவர்களில் முதல்வன் நான்.

இதில் நாட்டின் நலனும் அடங்கியிருக்கிறது. மணிச்சத்து உரத்துக்கு மூலமான பாறையில் நம் தேவையின் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. இராஜஸ்தானத்து ஜாமர்கோட்டிராச் சுரங்கம் போன்றவை நம் பசிக்குப் போதா. காசு கொடுத்து இறக்கி, மானியம் கொடுத்து விற்று, மண்ணில் கொட்டும் அந்த உரத்தில் பெரும்பங்கு முதல் பருவத்தில் பயிருக்குச் சேராமல் மண்ணிலேயே இறுகிக் கிடக்கிறது. அதை எடுத்துத் தரும் வேலையாள் ஒருவன் கூலிக்குச் சர்க்கரை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்க, அவனை வாசலில் நிறுத்திவிட்டு மேலும் மேலும் மூட்டைகளை இறக்குவது எந்த ஊர்ச் சிக்கனம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் உயிர் உரங்களும் 2006-இல் கொண்டுவரப்பட்டன. பின்னர் வேர் உட்பூசணத்துக்கும் தர அளவு வகுக்கப்பட்டது. ஆனால் சூப்பர் பாஸ்பேட்டின் தரத்தைக் குடியானவன் கையில் அள்ளிப் பார்த்து ஓரளவு அறிவான். பூசணத்தின் தரத்தை எப்படி அறிவான்? உயிர் இருப்பதும் தூளாகவே தெரியும். செத்ததும் தூளாகவே தெரியும். ஆதலால் நான் வேண்டுவது இரண்டு. ஒன்று, குழித்தட்டு நாற்று விற்பவர்கள், ஏற்ற பயிர்களுக்கு, நார்க்கழிவிலேயே பூசணம் சேர்த்து வளர்க்க வேண்டும். நாற்றழுகலுக்கு விதையிலேயே டிரைக்கோடெர்மா சேர்க்க வேண்டும். அதை அழிக்கும் கார்பென்டசிம் போன்ற மருந்தை அதே விதையில் கலவாதிருக்க வேண்டும். மற்றொன்று, விற்கும் நாற்றின் வேரில் பூசணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதித்து, விடையைத் தமிழில் எழுதிப் பண்ணை வாசலில் ஒட்ட வேண்டும். வேரைச் சாயமேற்றிப் பார்க்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு நுண்ணோக்கியும், சிறிது சாயமும், பொறுமையான ஒரு மாணவனும் போதும்.

அந்த மாணவன் நாமாக ஏன் இருக்கக் கூடாது? நம் சங்கத்தில் வேளாண்மை படிப்போர் உண்டு. தாவரவியல் படிப்போர் உண்டு. எழுத வல்லவர்கள் நிறைய உண்டு. பொங்கலுக்குப் பட்டிமன்றமும் கலை நிகழ்ச்சியும் நடத்துகிறோம். நல்லது, நடத்துவோம். அதனோடு, விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் பக்கத்துப் பண்ணையின் நாற்று வேரைக் கொண்டுவந்தால், அதைச் சோதித்து விடையெழுதி அனுப்ப நானும் என் வகுப்பு நண்பர் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம். ஒற்றைத் தாளில், உழவர் பேசும் தமிழில், எதை எங்கே எப்போது இடுவது என்று எழுதித் தரவும் எண்ணியிருக்கிறோம். அந்தத் தாளில் ‘எதற்கு இது உதவாது’ என்ற பகுதியே முதலில் இருக்கும்.

தந்தையாருக்கு என்ன விடை சொன்னேன் என்று கேட்பீர்கள். "நெசந்தான் அப்பா, ஆனா நான் பாதியத்தான் சொன்னேன்" என்றேன். இந்தப் பருவத்தில் அவர் இரண்டு குழித்தட்டு மிளகாய் நாற்றை வீட்டிலேயே விட்டிருக்கிறார். ஒன்றில் பூசணம் உண்டு, மற்றொன்றில் இல்லை. மண்ணைச் சோதித்த பிறகு சூப்பர் பாஸ்பேட்டையும் பாதியாகக் குறைக்க இசைந்திருக்கிறார். இரண்டு தட்டையும் அருகருகே உள்ள வரிசைகளில் நட்டு, காய் பறித்து, தராசில் நிறுத்துப் பார்ப்பது என்று பேச்சு. எது வெல்லும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள் நம் பெரியோர். முளையில் தெரிவது வேரில் தொடங்குகிறது என்பதை நான் நுண்ணோக்கியில் கண்டேன். மிச்சத்தைத் தராசு சொல்லட்டும். எது வந்தாலும் அடுத்த இதழில் மறைக்காமல் எழுதுகிறேன்.